மழை வந்தாலும் திரும்பாதபடி பூனை வாடையை வீட்டிலிருந்து எடுப்பது எப்படி

வீட்டுக்குள் பூனை மூத்திரம் போய்விட்டது என்று தெரிந்ததும் நம் வீடுகளில் கை தானாகப் போவது ஃபினாயில் பாட்டிலுக்குத்தான். முதலில் அதை நிறுத்துங்கள். கறுப்பு ஃபினாயில் தார் எண்ணெயில் செய்வது, வெள்ளை ஃபினாயில் பைன் எண்ணெயில் செய்வது, டெட்டாலில் இருப்பதும் பீனால் குடும்பத்துப் பொருள்தான். இவற்றை உடைத்து வெளியே தள்ளுகிற வேலையை நம் ஈரல் செய்துவிடும், பூனையின் ஈரலில் அதற்கான என்சைம் மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து பாதத்தை நக்குகிற பிராணி அது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அந்துருண்டையும் அப்படியே, பூனை இருக்கிற வீட்டில் அது வேண்டாம். சரி, இவ்வளவு ஆபத்துக்கும் வாடையாவது போகிறதா என்றால் அதுவும் இல்லை. இரண்டு நாள் ஃபினாயில் வாசம், மூன்றாம் நாள் பழைய வாசம்.

முதல்முறையாகப் பூனை வளர்க்கிறவர்களுக்காகவும், வேறு யாரோ பூனை வளர்த்த வீட்டுக்குக் குடி போனவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் இரண்டிலும் பட்டவள்.

ரங்கூனில் பசுண்டாங் பக்கம் நான்காவது மாடி வீடு ஒன்றுக்கு நாங்கள் குடிவந்தது ஜனவரியில். வறண்ட காலம், ஜன்னலைத் திறந்தால் நல்ல காற்று, வீட்டில் ஒரு வாடையும் இல்லை. ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. நாலாவது நாள் நடு அறையில் மூக்கைத் துளைக்கிற நெடி. எங்கள் பூனை சுந்தரி அப்போது குட்டி, மூத்திரம் போக வைத்த மண் தட்டை விட்டு வேறு எங்கும் போனதே கிடையாது, ஆனாலும் அதைத்தான் திட்டினேன், இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது. கீழ்மாடி அக்கா வந்து பார்த்துவிட்டு, "சாம்பிராணி போடும்மா, போயிரும்" என்றார்கள். போட்டேன். புகை அடங்கியதும் நெடி அப்படியே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலை நகர்த்திவிட்டு, தரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து உரித்தேன். அடியில் பலகை கருத்துப்போயிருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம், அதன் விளிம்பில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைக் கோடு, விரலை வைத்தால் பலகை இடுக்கில் ஈரம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் பூனை எப்போதோ போன மூத்திரம், விரிப்பின் தையல் வழியாக இறங்கி அங்கேயே இருந்திருக்கிறது. வறண்ட ஐந்து மாதமும் சும்மா கிடந்துவிட்டு மழை ஈரம் பட்டதும் எழுந்துவிட்டது.

ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் எந்தச் சாமானை எதற்குப் போடுகிறோம் என்பது தானாகப் புரியும். பூனை மூத்திரம் புதிதாக இருக்கும்போது அவ்வளவாக நாறாது. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றும்போதுதான் கண்ணை எரிக்கிற நெடி வரும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. பூனை மூத்திரத்தில் ஃபெலினின் என்று கந்தகம் கலந்த ஒரு அமினோ அமிலம் இருக்கிறது, அது நாள்பட உடைந்து தயால் என்கிற கந்தகச் சேர்மங்களை விடும். வெங்காயம், பூண்டு நாற்றத்துக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் காரணம், எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஃபெலினின் உண்டாவதைக் காக்ஸின் என்ற புரதம் நடத்துகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள், காயடிக்காத கடுவன் பூனையிடம் அது ரொம்ப அதிகம். கடுவன் வாடை தனியாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். யூரிக் அமிலப் படிகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பல இடத்தில் எழுதியிருப்பார்கள், பூனை உடம்பில் யூரிக் அமிலத்தில் பெரும்பகுதி அல்லன்டாயின் என்று மாறித்தான் வெளியே வருகிறது, அதனால் அதை மட்டும் துரத்திக்கொண்டு இருக்க வேண்டாம்.

மூத்திரம் காய்ந்ததும் உப்பும் இந்தச் சேர்மங்களும் துணி இழையிலும் மர இடுக்கிலும் தங்கிவிடும். உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், ஈரம் வந்ததும் பாக்டீரியாவும் மறுபடி வேலையைத் தொடங்கும், வாடை கிளம்பும். ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற, அதிலும் முக்கால்வாசிக்கு மேல் மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்க்கிற ஊரில் இது எத்தனை தடவை நடக்கும் என்று பாருங்கள். அதனால் வாடையை மூடுவதில் பிரயோஜனம் இல்லை. உப்பைத் தண்ணீரால் வெளியே எடுக்க வேண்டும், அம்மோனியாவை அமிலத்தால் அடக்க வேண்டும், கந்தகச் சேர்மத்தை ஆக்சிஜனால் உடைக்க வேண்டும், கடைசியில் எலும்பு மாதிரிக் காய வைக்க வேண்டும். இந்த நாலில் எதை விட்டாலும் அடுத்த மழைக்குத் திரும்பும்.

என்னென்ன வாங்க வேண்டும்

வெள்ளை வினிகர், 5 சதவீதம். பர்மியக் கடையில் ஷாலகாயே என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நிறம் போட்ட வினிகர் வேண்டாம், கறை மேல் கறை ஆகும்.

ஆப்பசோடா, அதாவது சமையல் சோடா. சலவை சோடாவை மாற்றி எடுத்துவிடாதீர்கள், அது காரம் அதிகம், பூனையின் பாதத்தையும் நம் கையையும் புண்ணாக்கும். காளியம்மன் கோயில் பக்கத்துத் தெய்ஞ்சி சந்தை மளிகைக் கடையில் சில்லறையாக எடையில் கொடுப்பார்கள். கால் வீசை வாங்கினால் ஏறத்தாழ 400 கிராம், இரண்டு மூன்று தடவைக்குத் தாங்கும். அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதைவிட வாங்கி வைத்துவிடுங்கள், பூனை நேரம் பார்த்துப் போவதில்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 சதவீதம், மருந்துக்கடையில் புண் கழுவ விற்பது. 6 சதவீதம் மட்டும் கிடைத்தால் சம அளவு தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும், அதனால் கறுப்பு பாட்டிலை விட்டு மாற்றக் கூடாது. பழைய பாட்டில் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க உருளைக்கிழங்கை வெட்டி அந்த முகத்தில் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சரி, சும்மா தண்ணீர் மாதிரிக் கிடந்தால் புதுசு வாங்குங்கள். பாதிப் பேர் "பெராக்சைடு போட்டேன், ஒன்றும் ஆகலை" என்று சொல்வது செத்துப்போன பாட்டிலை வைத்துக்கொண்டுதான்.

அப்புறம், பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பு, நிறமும் வாசனையும் குறைந்தது. என்சைம் போட்ட சலவைத்தூள், பாக்கெட்டின் பின்பக்கம் என்சைம் அல்லது புரோட்டியேஸ் என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். பழைய பருத்திக் கைலிகள் நாலைந்து. ஒரு தெளிப்பான் பாட்டில். ரப்பர் கையுறை. அளப்பதற்கு அரிசி அளக்கிற பால் டின்னே போதும், ஒரு டின் சுமார் 300 மில்லி, இனி அளவெல்லாம் அந்தக் கணக்கில்தான் சொல்லப்போகிறேன். அந்த டின்னை மட்டும் தனியாக வைத்துவிடுங்கள், திரும்ப அரிசிப் பானைக்குப் போகக் கூடாது.

எலுமிச்சை எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், யூகலிப்டஸ் மாதிரி வாசனை எண்ணெய்களை இதில் கலக்கச் சொல்லுவார்கள். கலக்காதீர்கள். ஃபினாயிலுக்குச் சொன்ன காரணமே இதற்கும்.

முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்

ஈரமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். காய்ந்ததைத் தேட இரண்டு வழி. ஒன்று மூக்கு: காலையில் ஜன்னல் திறக்கிறதுக்கு முன்னால், முழங்காலில் உட்கார்ந்து தரைக்கு ஒரு சாண் உயரத்தில் மூக்கை வைத்து அறையைச் சுற்றி வாருங்கள். நின்றபடி தேடினால் அறை முழுக்க நாறுகிற மாதிரித்தான் தெரியும். இன்னொன்று, நோட்டு நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று பார்க்கிற ஊதா விளக்கு, சின்ன டார்ச் மாதிரி விற்கிறார்கள். ராத்திரி கரண்டு போயிருக்கும்போது அதை அடித்துப் பார்த்தால் காய்ந்த மூத்திரம் மங்கலான மஞ்சள் பச்சையாக மினுங்கும். சலவைத்தூள் சிந்திய இடமும் மினுங்கும், அது நீலமாக இருக்கும், அதனால் கண்ணால் பார்த்ததை மூக்கால் உறுதி செய்துகொண்டு சாக்பீஸால் சுற்றி ஒரு கோடு போட்டு வையுங்கள். விடிந்ததும் கோட்டுக்குள்ளே மட்டும் இல்லாமல் அதற்கு வெளியே நாலு விரற்கடை வரை சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், திரவம் அடியில் பரவியிருக்கும்.

சுவரில், கதவு நிலையில், ஒரு முழம் உயரத்தில் வழிந்த கோடு இருந்தால் அது அவசரத்துக்குப் போனது இல்லை, எல்லை குறிக்க பீய்ச்சியது. வாலை நிமிர்த்தி நடுக்கியபடி பின்பக்கமாகப் பீய்ச்சும். சுத்தம் செய்கிற முறை ஒன்றுதான், ஆனால் காரணம் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஈரம் காயுமுன் பார்த்துவிட்டால்

நல்ல அதிர்ஷ்டம், முக்கால் வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். தேய்க்காதீர்கள். இது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், தேய்த்தால் ஆழமாக இறங்கும், அகலமாகப் பரவும். பழைய கைலியை நாலாக மடித்து மேலே வைத்து, அதன் மேல் ஏறி நின்று, ஈரத்தை ஒற்றி எடுங்கள். நனைந்த மடிப்பைத் திருப்பி மறுபடி ஒற்றுங்கள். கைலி காய்ந்தபடியே வரும் வரை.

அப்புறம் பச்சைத் தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றி மறுபடி ஒற்றி எடுங்கள், இரண்டு மூன்று தடவை. சூடான தண்ணீர் கூடாது, நீராவி இயந்திரமும் கூடாது, சூடு பட்டால் புரதம் இறுகி இழையில் ஒட்டிக்கொள்ளும். இதுவரைக்கும் வெறும் தண்ணீர்தான், ஆனால் உப்பில் பெரும்பகுதி இதில்தான் வெளியே போகிறது. சலிப்பாக இருக்கும், அவசரப்பட்டு மருந்துக்குத் தாவிவிடாதீர்கள்.

பிறகு ஒரு டின் வினிகரில் ஒரு டின் தண்ணீர் கலந்து தெளித்து, கால் மணி நேரம் விட்டு ஒற்றி எடுங்கள். வினிகர் வாடை கொஞ்ச நேரம் இருக்கும், காய்ந்ததும் போய்விடும். கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே மேலே ஆப்பசோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பெருக்கி எடுங்கள். சோடாவையும் வினிகரையும் பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்து ஊற்றுவதில் பயன் இல்லை, ஒன்றை ஒன்று தின்றுவிட்டு நுரை அடங்கிய பிறகு மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர்.

மொசைக், சலவைக்கல், பூசிய சிமெண்டுத் தரை என்றால் வினிகரைத் தொடாதீர்கள், அமிலம் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கும், அடுத்த தடவை இன்னும் சுலபமாக உறிஞ்சும். அங்கே தண்ணீருக்கு அடுத்து நேராகக் கீழே சொல்லும் பெராக்சைடு கலவைக்குப் போய்விடலாம்.

பழைய கறை, பழைய வாடை

இதற்குத்தான் பொறுமை வேண்டும். விரிப்பு, பாய், கால்மிதி எது மேலே இருந்தாலும் எடுத்துவிடுங்கள், பிளாஸ்டிக் விரிப்பின் அடிப்பக்கத்தையும் மறக்காமல் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கோரைப்பாய் ஊறிப்போயிருந்தால் தூக்கிப் போடுவதுதான் நல்லது, அதைக் காப்பாற்ற நான் செய்த எதுவும் பலிக்கவில்லை.

இடத்தைத் தண்ணீரால் நனைத்து ஐந்து நிமிஷம் ஊறவிட்டு ஒற்றுங்கள், மூன்று தடவை. அடுத்து என்சைம். ஒரு மேசைக்கரண்டி என்சைம் சலவைத்தூளை இரண்டு டின் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள், கை வைத்தால் இதமாக இருக்கிற சூடு போதும், கொதித்த தண்ணீரில் என்சைம் செத்துவிடும். துணியை அதில் நனைத்து இடத்தின் மேல் போட்டு, காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, ராத்திரி முழுக்க விடுங்கள். பூனையை அந்த அறைக்குள் விடாதீர்கள். என்சைமை வினிகருக்கும் பெராக்சைடுக்கும் முன்னால்தான் போட வேண்டும், அவை பட்ட இடத்தில் அது வேலை செய்யாது. காலையில் தண்ணீர் விட்டு ஒற்றி எடுத்துவிட்டு, மரமோ துணியோ என்றால் வினிகர் தண்ணீர், கால் மணி நேரம், மறுபடி தண்ணீர். இப்போது நன்றாகக் காய விடுங்கள். ஈர வினிகர் மேல் பெராக்சைடு பட்டால் இரண்டும் சேர்ந்து பெராசிட்டிக் அமிலம் உண்டாகும், அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும்.

காய்ந்த பிறகு பெரிய மருந்து. ஒரு டின் 3 சதவீதப் பெராக்சைடு, ஒன்றரை மேசைக்கரண்டி ஆப்பசோடா, கால் தேக்கரண்டி பாத்திர சோப்பு. பால் கிரெபாம் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1993இல் வெளியிட்ட கலவை இது. அவர் அதைச் செய்தது ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சுகிற நாற்றத்துக்காக, அந்த நாற்றத்திலும் தயால்தான் முக்கியமான ஆள், அதனால்தான் பூனை விஷயத்திலும் இது கைகொடுக்கிறது. சோடா காரமாக்கிக் கொடுக்க, பெராக்சைடு கந்தகத்தோடு ஆக்சிஜனைச் சேர்த்து வாடையில்லாத பொருளாக மாற்றிவிடும். வாயகன்ற கிண்ணத்தில், தேவைப்படுகிற அளவு மட்டும், தேவைப்படுகிற நேரத்தில் கலக்குங்கள். மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி மூடி வைத்தால் ஆக்சிஜன் சேர்ந்து பாட்டில் வெடிக்கும், மிஞ்சினால் கழிவில் ஊற்றித் தண்ணீர் விடுங்கள்.

கலவையைத் துணியால் இடத்தில் தடவி அரை மணி நேரம் விடுங்கள். பெராக்சைடு நிறத்தை வெளுக்கும், அதனால் கட்டிலுக்கு அடியில், மூலையில், ஒரு ரூபாய் அகலத்துக்கு முதலில் தடவிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். தேக்குப் பலகை லேசாக வெளிறும், வாடையோடு இருப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடைசியாகச் சுத்தமான தண்ணீரால் இரண்டு தடவை துடைத்து எடுங்கள்.

பிறகு காய வைப்பது. மழைக்காலத்தில் பாதிப் பேர் தோற்பது இங்கேதான். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், இடுக்கில் ஈரம் இருக்கும், விரிப்பைத் திரும்பப் போட்டு மூடிவிட்டால் புழுங்கி இன்னொரு வாடை சேரும். குறைந்தது இரண்டு நாள் திறந்தபடி விடுங்கள், கரண்டு இருக்கிற நேரமெல்லாம் ஃபேனைத் தரையைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். இடுக்கில் ஆப்பசோடாவைத் தூவி வைத்தாலும் ஈரத்தை இழுக்கும். எங்கள் வீட்டில் மூன்று சுற்று தேவைப்பட்டது, ஒரு வாரத்துக்கு ஒரு சுற்று. முதல் சுற்று முடிந்ததும் வாடை கூடின மாதிரி இருந்தது, பயந்துபோனேன், அடியில் இருந்தது மேலே வருகிறது என்று அப்புறம்தான் புரிந்தது. இரண்டாம் சுற்றில் பாதியானது.

மூன்று சுற்றுக்கும் அடங்காத கறுப்பு வட்டம் என்றால் மூத்திரம் மரத்தின் உள்ளேயே இறங்கிவிட்டது. அப்போது உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் எடுத்து, நன்றாகக் காய்ந்த பின் அரக்கு கரைத்த பாலிஷ் இரண்டு பூச்சு பூசச் சொல்லுங்கள், தச்சர்களுக்குத் தெரியும். அரக்கு வாடையை உள்ளேயே அடைத்துவிடும். ஈர மரத்தில் பூசினால் உரிந்து வரும், அதனால் இந்த வேலையை நவம்பருக்குத் தள்ளி வையுங்கள்.

துணி, மெத்தை, சோபா

துணியைத் தண்ணீரில் அலசிவிட்டு, ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு டின் வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறப்போட்டு, வினிகர் முழுக்கப் போகும்படி மறுபடி அலசிவிட்டு, என்சைம் தூள் போட்டுத் துவையுங்கள். முகர்ந்து பார்க்காமல் அயர்ன் பண்ணாதீர்கள், மிச்சம் இருந்தால் சூட்டில் நிரந்தரமாகிவிடும். சாயம் போகிற கைலிக்கும் பட்டுக்கும் பெராக்சைடு வேண்டாம்.

இலவம்பஞ்சு மெத்தை என்றால் உறையைப் பிரித்துப் பாருங்கள். நனைந்த பஞ்சு கட்டிகட்டியாக இருக்கும், அந்தப் பகுதியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியை வெயிலில் உதறிக் காய வைத்துப் புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்துவிடலாம். பஞ்சைக் கழுவிக் காய வைக்க முயற்சி பண்ணாதீர்கள், அது முன் மாதிரி வராது. ஃபோம் மெத்தையும் சோபாவும் வேறு மாதிரி. அதில் மூத்திரம் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு மருந்தும் இறங்க வேண்டும், மேலோட்டமாகத் தெளித்தால் ஒன்றும் நடக்காது. பெராக்சைடு கலவையை நன்றாக ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் துண்டு வைத்து அமுக்கி எடுத்து, தண்ணீர் விட்டு மறுபடி அமுக்கி, மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் இரண்டு பக்கமும் வெயில் காட்டுங்கள். வெயில் இல்லாத மாதத்தில் ஃபோமை நனைக்கவே வேண்டாம், ஆப்பசோடா தூவித் தட்டி எடுத்து, அக்டோபர் வரை வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாந்தியும் மலமும் இவ்வளவு சிரமம் இல்லை. பழைய அட்டையால் வழித்து எடுங்கள், பச்சைத் தண்ணீர் விட்டு ஒற்றுங்கள், ஆப்பசோடா தூவிக் காய விட்டுப் பெருக்குங்கள். கடைத் தீனியின் சிவப்புச் சாயம் பிடித்திருந்தால் பெராக்சைடு கலவை ஒரு தடவை. கர்ப்பமாக இருக்கிறவர்கள் பூனை மலத்தைத் தொடக் கூடாது, டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் அதில் இருக்கலாம். அது வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றக்கூடிய நிலைக்கு வரும், அதனால் வீட்டில் வேறு யாராவது தினமும் அள்ளிப் போட்டுவிடுங்கள்.

பிளீச் பற்றி

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மூத்திரம் இருக்கிற இடத்தில் பிளீச் ஊற்றினால் அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் வாயு வரும். பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு. இரண்டும் நுரையீரலைக் கெடுக்கும், நம் மாடி வீட்டுக் குளியலறைகள் எவ்வளவு சின்னவை என்று உங்களுக்கே தெரியும். பிளீச்சை இந்த வேலைக்கே எடுக்காதீர்கள். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், நெடி போனதும் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, அடுத்த நாள் தொடங்குங்கள்.

பூனை ஏன் அங்கே போனது

எவ்வளவு சுத்தம் செய்தாலும் காரணம் அப்படியே இருந்தால் திரும்பப் போகும். தட்டில் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று மெத்தையிலும் துணிக்குவியலிலும் போனால் முதலில் உடம்பைச் சந்தேகப்படுங்கள். மூத்திரப்பை அழற்சி, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை எல்லாம் இப்படித்தான் தெரியும். கடுவன் பூனை தட்டில் மறுபடி மறுபடி போய் உட்கார்ந்து முக்கி, கத்தி, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அன்றைக்கே, ராத்திரியானாலும், கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பீய்ச்சுகிற கடுவனுக்குக் காயடிப்புதான் தீர்வு. பத்தில் ஒன்பது கடுவன்கள் அதற்குப் பிறகு பீய்ச்சுவதை விட்டுவிடுகின்றன அல்லது வெகுவாகக் குறைத்துவிடுகின்றன, வாடையும் இறங்கும். இங்கே பௌத்த மடங்களிலும் தெருவிலும் பூனைகள் நிறைய, ஜன்னல் வழியாக வெளிப் பூனை தெரிந்தாலே உள்ளே இருப்பது பீய்ச்சும், அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துப் பாருங்கள்.

தட்டைக் கவனியுங்கள். பூனைகள் எத்தனையோ அதைவிட ஒன்று கூடுதலாகத் தட்டு வேண்டும், பூனையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளம், சாப்பாட்டுக் கிண்ணத்தை விட்டுத் தள்ளி. கடை மண் விலை கட்டுப்படியாகாவிட்டால் சலித்த ஆற்று மணல் நாலு சென்டிமீட்டர் உயரத்துக்குப் போதும், மரத்தூளும் உமியும் கலந்தாலும் நன்றாக உறிஞ்சும், ஆனால் மழைக்காலத்தில் உமி பூஞ்சை பிடிக்கும், மூன்று நாளுக்கு ஒரு தடவை முழுக்க மாற்றிவிடுங்கள். தினம் இரண்டு தடவை அள்ளுங்கள். தட்டைச் சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள், வாசனைத் திரவம் போட்டால் பூனை அதை விட்டுவிட்டு உங்கள் கால்மிதிக்கு வரும். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடை அடுப்புக்கரி வைத்தால் காற்றில் இருக்கிற வாடையைக் கொஞ்சம் குறைக்கும், கொஞ்சம்தான்.

அடிக்காதீர்கள், மூக்கைத் தேய்க்காதீர்கள். அதற்குப் புரியாது, பயந்துபோய் உங்களுக்குத் தெரியாத இடத்தில் போகத் தொடங்கும், கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால், உங்களுக்கு இன்னும் கஷ்டம்.

சுத்தம் செய்து காய்ந்த இடத்தில் ஒரு மாதத்துக்கு அதன் சாப்பாட்டுக் கிண்ணத்தை வையுங்கள், சாப்பிடுகிற இடத்தில் பூனை பொதுவாக மூத்திரம் போகாது. சுந்தரியின் கிண்ணம் அந்தப் பலகை மேல்தான் இருந்தது. பிளாஸ்டிக் விரிப்பை நான் திரும்பப் போடவே இல்லை. அடுத்த ஆண்டு மழை பிடித்து ஒரு வாரம் ஆனதும், காலையில் ஜன்னல் திறக்கிறதுக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்து அந்த இடத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஈர மரத்தின் வாசம் மட்டும் வந்தது.